நெடுந்தீவுக்கு வருவதைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நானும் அம்மாவும் திரும்பத் திரும்ப வாசித்தோம். கனடாவில் ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கும் எங்கள் நெடுந்தீவில் அப்பப்பா கட்டிய வீட்டில் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இதை ஃபோனில் கேட்டிருந்தால் யோசிக்காமல் "வா பிள்ளை" என்று சொல்லியிருப்பேன். எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. எனக்கும் ஆறுதலாக யோசித்துப் பதில் எழுத முடிகிறது.

நீங்கள் வந்து பார்த்தது பங்குனி மாத நெடுந்தீவு. மாரி மழை முடிந்து நிலம் முழுக்கப் பச்சையாக இருந்தது. கடல் அடங்கிக் கிடந்தது. கிணறுகளில் நல்ல தண்ணீர் நின்றது. குதிரைகள் வயிறு முட்ட மேய்ந்துகொண்டு நின்றன, மூத்தவள் அவற்றின் பின்னால் ஓடித் திரிந்தாள். அதே குதிரைகளை ஆவணி, புரட்டாதியில் பார்க்க வேண்டும். விலா எலும்பு தெரியத் தண்ணீர் தேடி அலையும். மழை பொய்த்த வருடங்களில் தாகத்தால் செத்தும் இருக்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன குதிரைகளின் வழி வந்தவை அவை, எத்தனையோ தலைமுறையாக இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்கே கோடை அந்தப் பாடு.

அதனால் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். தீவு முழுவதும் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும்தான். மேலே உள்ள மண் கொஞ்சம். ஆறும் இல்லை, பெரிய குளமும் இல்லை. பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. நாங்கள் குடிப்பது அதைத்தான். வாளியால் அள்ளும் வரை அது தாங்கும். மோட்டர் பூட்டி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், ஏறினால் அடுத்த மாரி வரைக்கும் அந்தக் கிணறு சவர்தான். எங்கள் வளவுக் கிணற்றுத் தண்ணீரைத் தையில் குடித்தால் இனிக்கும். ஆடி பிறந்தால் சோப் நுரைக்காது, பருப்பு அவியாது. சின்ன வயதில் நாங்கள் சாராப்பிட்டிப் பக்கம் போய் நல்ல தண்ணீர் எடுத்து வருவோம். இப்போது கடல்நீரைச் சுத்திகரித்தும் கொடுக்கிறார்கள், கான் கொண்டுபோய் எடுத்து வரலாம். ஆனால் டொரொண்டோவில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தீட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு, குளிக்க இத்தனை வாளிதான் என்று சொல்ல நீ தயாராக இருக்க வேண்டும். மருமகன் எழுதியிருக்கும் தோட்டத் திட்டத்தையும் தண்ணீரை வைத்துத்தான் திருத்த வேண்டும். அவரிடம் சொல், அந்த மண்ணில் பனை நிற்கும், மாடு மேயும். பழையவர்கள் அதைப் பசுத்தீவு என்று சொன்னது சும்மா இல்லை. தக்காளித் தோட்டத்துக்கு அது இடமில்லை.

அடுத்தது கடல். குறிகட்டுவான் துறையில் இருந்து படகில் ஒரு மணிநேர ஓட்டம் என்பது உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருந்து குறிகட்டுவானுக்கு பஸ்ஸில் வரும் நேரத்தையும் கூட்டிக்கொள். காலையில் வெளிக்கிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கி அலுவல் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு பகல் முழுவதும் வேண்டும். பின்னேரப் படகை விட்டால் இரவு கொக்குவிலில் எங்களோடுதான். அது எங்களுக்குச் சந்தோஷம், உனக்கு அலைச்சல். சோழகக் காற்று பெலத்தால் படகு ஆடும். வாடைக்காலத்தில் புயல் சின்னம் என்று அறிவித்தால் படகு ஓடாது. ஒரு நாள் ஓடாது, சிலவேளை தொடர்ந்து சில நாள் ஓடாது. அந்த நாட்களில் சங்கக்கடையில் மரக்கறி இருக்காது, கடிதம் வராது, விடுமுறையில் போன வாத்தியார் திரும்பி வரமாட்டார். சீமெந்து, காஸ் சிலிண்டர், பால்மா என்று எல்லாமே கடல் தாண்டித்தான் வர வேண்டும். குறிகட்டுவானில் ஏற்ற ஒரு கூலி, நெடுந்தீவு மாவிலித்துறையில் இறக்க ஒரு கூலி. கூரை திருத்த மேசன் தந்த கணக்கில் சாமான் விலையைவிட அதைக் கொண்டுவரும் செலவைப் பார்த்துத்தான் நான் மலைத்துப்போனேன்.

கடலைப் பற்றி எழுதும்போது குமுதினிப் படகைச் சொல்லாமல் விட முடியாது. 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் போன சனத்தைக் கடலில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் அதே படகைத் திருத்தி, வேறு வழியில்லாமல் அதிலேயே எங்கள் சனம் வருடக்கணக்காகப் போய் வந்தது. உன் பிள்ளைகள் ஒவ்வொரு மே மாதமும் துறையில் நடக்கும் அஞ்சலியில் நிற்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். பதில் சொல்ல நீ இருக்க வேண்டும்.

இனி வருத்தம் துன்பம். தீவில் வைத்தியசாலை இருக்கிறது. காய்ச்சலுக்கும் சின்னக் காயத்துக்கும் அது போதும். அதற்கு மேலே என்றால் படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டு வர வேண்டும். பிள்ளைத்தாச்சிகள் நாள் நெருங்க முன்னமே இக்கரைக்கு வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்குவார்கள். சின்னவனுக்கு இழுப்பு இருப்பதை மறந்துவிடாதே. நடுச்சாமத்தில் அவனுக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்பதை அங்கே இருக்கும்போதே உன் டொக்டரோடு கதைத்து, மருந்தும் கருவியும் கையோடு கொண்டு வர வேண்டும். நீ நேர்ஸ் என்பதால் உனக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் நேர்ஸ் என்பதால் உனக்கு இன்னொன்றும் வரும். நீ அங்கே குடியேறிய ஒரு கிழமைக்குள் ஊருக்கு அது தெரிந்துவிடும். பிறகு கதவைத் தட்டுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, கிழவி விழுந்துவிட்டாள், வந்து பார் என்று கூப்பிடுவார்கள். கனடாவில் கடமை முடிந்தால் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், இங்கே கடமை முடியும் நேரம் என்று ஒன்று வராது. எனக்கு உன்னைத் தெரியும், கூப்பிட்டால் நீ போவாய். அதில் எனக்குப் பெருமைதான். உன் உடம்பு தாங்குமா என்பதுதான் கவலை.

காணி விஷயம் சுருக்கமாக. நீ கனடாப் பிரஜை ஆனபோது இங்கத்தைய பிரஜாவுரிமை போய்விட்டது. வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே முதலில் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடு, அதற்குக் காலம் எடுக்கும். வீடு இருக்கும் துண்டு என் பெயரில் தெளிவாக இருக்கிறது. பின்வளவில் என் அண்ணன் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமைப்படி அவர்களுக்குச் சொல்லாமல் அதில் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களோடு நான் கதைக்கிறேன். நீ ஏதும் எழுதி அனுப்பாதே.

மருமகனின் கம்பியூட்டர் வேலைக்கு மின்சாரமும் இணையமும் வேண்டும். இவ்வளவு காலமும் தீவுக்கு டீசல் ஜெனரேட்டர்தான் மின்சாரம் தந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்க இந்திய உதவியோடு 2022இல் ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல விஷயம். இருந்தாலும் அவர் தன் வேலையை அதை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்கென்று சோலார் தகடும் பேட்டரியும் போடும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்.

பாதுகாப்பைப் பற்றி அம்மா எழுதச் சொன்னாள். 2023 ஏப்ரலில் ஒரே வீட்டில் முதியவர்களைக் கொலை செய்தார்கள், நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. முன்பு கதவைப் பூட்டாமல் படுத்த வீடுகளில் இப்போது பூட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்றால் காசு இருக்கும் என்று நினைக்கிற ஆட்களும் இருக்கத்தான் செய்வார்கள். பயப்படச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு வா.

சாதியும் போய்விடவில்லை. யார் வீட்டில் தண்ணீர் குடித்தாய், யாரை வீட்டுக்குள் எடுத்தாய் என்று பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உன் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் தெரியாது, தெரியாமலே அவர்கள் எல்லார் வீட்டுக்கும் போய் விளையாட வேண்டும் என்பது என் ஆசை. அதைப் பற்றி யாராவது உன்னிடம் கதைத்தால், வாத்தியாரின் மகள் என்ன பதில் சொல்வாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மகள், இதுவரை எழுதியது எல்லாம் சமாளிக்கக் கூடியவை. தண்ணீருக்குத் தொட்டி கட்டலாம், மின்சாரத்துக்குத் தகடு போடலாம். எனக்கு உண்மையில் நெஞ்சில் நிற்பது உன் கடிதத்தில் இருந்த ஒரு வரி. "ஒரு வருஷம் இருந்து பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்பிவிடலாம்" என்று எழுதியிருக்கிறாய்.

சுமார் 50 சதுர கிலோமீற்றர் தீவில் இன்று ஏறத்தாழ நாலாயிரம் பேர்தான். நான் படித்த காலத்தில் இருந்ததோடு பார்த்தால் எவ்வளவோ குறைவு. நீ நடந்துபோன ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் முருகைக்கல் வேலி பார்த்தாயே, அதன் பின்னால் எத்தனை வீடு பூட்டிக் கிடந்தது? சிலது லண்டன், பாரிஸ் காசில் புதிதாக வண்ணம் பூசி, டைல்ஸ் பதித்து, பிறகு பூட்டியது. கோயில் திருவிழாவுக்குத் திறப்பார்கள், கொடியிறங்கினால் பூட்டுவார்கள். வெளியில் இருந்து வரும் வாத்தியார்மாரில் சிலர் வந்த அன்றே இடமாற்றத்துக்கு எழுதத் தொடங்கிவிடுவார்கள். கஷ்டப் பிரதேசம் என்று அரசாங்கமே சொல்லும்போது அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். புது சேர் வந்தால் அங்கத்தைப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சேர், எப்ப போவியள்?" என்பதுதான். நானே அந்த வகுப்பில் படித்தவன், பிறகு அங்கேயே படிப்பித்தவன். கேட்கும்போது அந்த முகங்களில் கோபம் இருக்காது, தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்பார்கள்.

ஸ்காபரோவில் ஒரு குடும்பம் வருவதும் போவதும் பக்கத்து வீட்டுக்கே தெரியாது. நெடுந்தீவில் உன் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தால் அது அந்த வகுப்புக்கே ஒரு செய்தி. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் வகுப்பில் மூத்தவளுக்கு ஒரு சிநேகிதி கிடைப்பாள். ஒரு வருஷத்தில் நீங்கள் திரும்பிப் போனால், மூத்தவள் கனடாவில் பத்து நாளில் வேறு சிநேகிதி பிடித்துவிடுவாள். அந்தப் பிள்ளை யாரைப் பிடிப்பாள்? உன்னை நம்பி மருந்து கேட்டு வந்த கிழவி பிறகு யாரிடம் போவாள்?

ஆகவே நான் கேட்பது இது. பார்ப்போம் என்று வராதே. வருவதென்றால் மூத்தவள் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வரைக்கும் இருப்போம் என்று நீயும் மருமகனும் சேர்ந்து முடிவெடுத்து வாருங்கள். உயர்தரத்துக்கு நாங்களும் உன்னைக் கூட்டிக்கொண்டு கொக்குவிலுக்கு வந்தவர்கள்தான், அப்போது மூத்தவள் எங்களோடு நின்று படிக்கலாம், அதை ஊரில் ஒருவரும் போய்விட்டதாக நினைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை படகேறி வந்துவிடலாம். அவ்வளவு காலத்துக்கு இருவரில் ஒருவருக்காவது மனம் இல்லை என்றால், வராமல் விடுங்கள். வருடத்துக்கு ஒருதரம் வந்து நின்றுவிட்டுப் போங்கள். அதில் எனக்கு மனவருத்தம் வராது. எனக்காகவோ அம்மாவுக்காகவோ வருவதாக இருந்தால் கொக்குவிலில் இந்த வீட்டிலேயே இடம் இருக்கிறது, அதற்குத் தீவுக்குப் போகத் தேவையில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வர வேண்டும் என்பதும் காரணமாகாது. அது யாழ்ப்பாணத்திலும் வரும்.

முடிவெடுக்க முன் ஒரு வேலை செய். இந்த ஐப்பசியில் லீவு எடுத்து, மார்கழி வரை நீ மட்டும் வந்து அங்கே நில். பிள்ளைகளை மருமகன் பார்க்கட்டும். குடிவருவதாக ஒருவரிடமும் சொல்லாதே, அப்பப்பா வீட்டைத் திருத்த வந்ததாகச் சொல்லு, அதுவும் பொய்யில்லை. மழையில் ஒழுங்கை எப்படி இருக்கிறது, படகு ஓடாத நாளில் என்ன சமைக்கிறாய், இரவில் காற்று அடிக்கும்போது உனக்கு நித்திரை வருகிறதா என்று பார். தெற்குப் பக்க வேலி சரிந்து கிடக்கிறது, அதை எழுப்பும்போது நீயும் நின்று கல் எடுத்துக் கொடு. சாந்து இல்லாமல் பெரிய கல்லை அடியில் வைத்து, இடுக்கில் சின்னக் கல் செருகி, காற்று ஊடே போக வழி விட்டு அடுக்குவார்கள். அடைத்துக் கட்டினால் வாடைக்கு விழுந்துவிடும். வேலை தெரிந்தவர்கள் இப்போது சிலர்தான் இருக்கிறார்கள், வேலைக்கிடையில் அவர்களோடு கதைத்தால் ஊரைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கூரையைப் பற்றி மேசன் கேட்டுக்கொண்டு இருக்கிறார். நீங்கள் குடியிருக்க வருவதென்றால் மரத்தை முழுதாக மாற்றி ஓடு போட வேண்டும். இல்லையென்றால் இந்த மாரிக்கு ஒழுகாமல் மேலே திருத்திவிட்டால் போதும். நீ ஐப்பசியில் தனியே வந்து நிற்பதற்கு ஒழுகாத ஓர் அறை காணும், ஆகவே இப்போதைக்கு அந்த அறையை மட்டும் செய்யச் சொல்லப்போகிறேன். லீவு கிடைக்குமா என்று கேட்டு, புரட்டாதிக்குள் எழுது. மருமகனையும் தன் கைப்பட நாலு வரி எழுதச் சொல்.

பிள்ளைகளுக்கு அம்மா புழுக்கொடியல் அவித்துக் காயவைத்திருக்கிறாள், வருகிறவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா