நாற்காலி இறக்க வந்த வண்டிக்கார அண்ணனுக்கு

2023 செப்டம்பர் 28-ல் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் மறைந்தார். 1925-ல் அவர் பிறந்தது எங்கள் கும்பகோணத்தில். சும்மா இருக்க முடியுமா? தெருவிலேயே ஒரு நினைவேந்தல் வைத்தோம். படத்துக்கு மாலை போட்டதுதான் தாமதம், கரண்ட் போய்விட்டது. மைக்செட்காரரையும் காணோம்.

அண்ணே, நீங்கள் நாற்காலியை இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டியவர். யாரும் கேட்கவில்லை. குட்டியானையைத் திருப்பி நிறுத்தி ஹெட்லைட்டைப் படத்தின் மேல் அடித்தீர்கள். அப்புறம் பேட்டரியிலிருந்து ரெண்டு ஒயரை இழுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, முனையில் டேப் சுற்றி, "ஹலோ, ஹலோ" என்று நீங்களே சோதித்தும் பார்த்தீர்கள். ஒடிசாவின் கட்டாக்கில் சுவாமிநாதன் இண்டிகா, ஜப்பானிகா நெல் வகைகளைக் கலந்து ஆராய்ந்ததையும், அப்படிப்பட்ட கலப்பில் வந்ததுதான் ஆடுதுறை 27 நெல் ரகம் என்பதையும் பேச்சாளர் சொன்னபோது, "எங்க தாத்தா போட்ட நெல்லுங்க அது" என்றீர்கள். பேச்சாளர் சொல்ல வந்ததையே மறந்துவிட்டார்!

கடைசிவரை நின்றீர்கள். கூடுதல் பணத்தைத் தொடவே இல்லை. வலங்கைமான் பக்கம் ஓட்டுகிறவர் என்பது மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதை அவரிடம் காட்டுங்கள். ரொம்ப நன்றி அண்ணே.