மாசிக்குள் தீத்தடுப்புக் கோடு: அண்ணாமலைக் காட்டைக் காக்க நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

கார்த்திகை மழையில் பச்சையாக நின்ற எலுமிச்சைப்புல் இப்போது அண்ணாமலைச் சரிவெங்கும் காய்ந்து கிடக்கிறது. எண்ணெய் ஊறிய புல் அது. அணைக்காத பீடித்துண்டு ஒன்றே போதும். புல்லைச் செதுக்கி வெறுந்தரையாக்கும் தீத்தடுப்புக் கோடுகளை, வனத்துறை அனுமதியோடு, மாசி பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். பணமில்லாமல் பாதியில் நிற்கிறோம்.

ஞானசம்பந்தர் பாடிய அண்ணாமலையில் அருவிகள் முழவாக அதிர்ந்தன. ரமணர் 1896இல் வந்து சேர்ந்தார். அவர் வாழ்ந்த காலத்துப் படங்களில் பாறையும் புல்லுமே மிகுதி. விறகு வெட்டும் மேய்ச்சலும் தீயும் மலையை மொட்டையாக்கியிருந்தன. 1980களின் இறுதியிலிருந்து பல குழுக்கள் நட்டு வளர்த்த மரங்கள்தாம் இன்று கந்தாசிரமம் ஏறுவோருக்கு நிழல். எங்கள் பெரியவர்கள் அந்தக் கன்றுகளுக்குக் குடத்தில் நீர் சுமந்தவர்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. கண்ணெதிரே அந்த மரங்கள் எரிவதைப் பார்க்கும் நிலை அவர்களுக்கு வரக் கூடாது.

2024 டிசம்பர் பெருமழையில் இம்மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டதை ஊர் மறக்கவில்லை. எரிந்த சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இருக்காது.

இவ்வாண்டுச் செலவு: புல் செதுக்கும் கூலி 2,60,000 ரூபாய், கன்றுகளுக்குக் கோடைத் தண்ணீர் 1,70,000, கருவிகளும் காலணிகளும் 50,000. மொத்தம் 4,80,000. கையில் இருப்பது 2,95,000. குறைவது 1,85,000.

இருப்பதும் சும்மா வந்ததன்று. அன்றாட வருமானத்தில் எடுத்து வைத்துத் தந்த பூக்கடைப் பெண்கள், உண்டியல் உடைத்த பள்ளிப் பிள்ளைகள், ஓய்வூதிய நிலுவையை அப்படியே கொடுத்த ஆசிரியை, பெயரைச் சொல்ல மறுத்துவிட்ட ஆட்டோ ஓட்டுநர்கள், வெளிநாட்டிலிருந்து மாதந்தவறாமல் அனுப்பும் ஊர்ப்பிள்ளைகள் அனைவருக்கும் எங்கள் வணக்கம். அருணாசலேசுவரர் அவர்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் வலம் வருகிறோம். மலையே சிவம் என்கிறோம். அந்தச் சிவம் எரியும்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு நிற்பது நமக்கு அழகா? அடிவாரப் பூங்காவில் பிள்ளைகளை விளையாட விடும் குடும்பங்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரத்தில் பெயர்ப்பலகை மாட்டக் கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும். நாங்கள் ஆணி அடிப்பதில்லை. இரசீது உண்டு.

தை மாதக் கடைசிக்குள் குழுப் பொருளாளரிடம் செலுத்துங்கள். பணம் தர இயலாதவர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்குக் களைக்கொத்தோடு வாருங்கள்.

இப்படிக்கு,
மலைக்காடு பாதுகாப்புக் குழுவினர்
திருவண்ணாமலை