உங்கள் கார்டை அனுப்ப வேண்டாம், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

கம்ப்யூட்டரில் டிவி பார்க்க உதவும் உங்கள் பழைய டிவி ட்யூனர் கார்டைப் பார்சலில் அனுப்புவதாகப் போனில் சொன்னீர்கள். அனுப்ப வேண்டாம். அமெரிக்காவில் ஒளிபரப்பு ஏடிஎஸ்சி முறையில் நடக்கிறது. ஐரோப்பாவிலும் நம் தூர்தர்ஷனின் டிஜிட்டல் ஒளிபரப்பிலும் இருப்பது டிவிபி. ஒன்றுக்காகச் செய்த கார்டுக்கு மற்றது புரியாது. உங்களுடையதோ டிஜிட்டலுக்கு முந்தைய அனலாக் முறைக் கார்டு. இங்கே பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12-ஆம் தேதியே அனலாகை நிறுத்திவிட்டன.

என் அறையில் டிவி கிடையாது, கம்ப்யூட்டர் மட்டும்தான். வேலை முடிந்து வந்தால் மனிதக் குரலே கேட்காத அறை. வந்த புதிதில் அதைத் தாங்க முடியவில்லை. இங்கே உள்ளூர் நிலையங்களைக் காற்றிலிருந்து பிடித்துப் பார்க்கச் சந்தா எதுவும் வேண்டாம் என்று தெரிந்த அன்றே ட்யூனர் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஏமாந்தேன். வாங்கிய பழைய கார்டு விண்டோஸ் மீடியா சென்டரை நம்பிச் செய்யப்பட்டது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த மென்பொருளையே எடுத்துவிட்டார்கள். கார்டை இயக்கக் கம்ப்யூட்டருக்குத் தேவைப்படும் டிரைவர் என்ற மென்பொருளும் புதிதாக வரவில்லை. இரண்டு இரவுகள் வீண். இப்போது யார் கேட்டாலும், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்குமுன் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டு, யுஎஸ்பி குச்சி, நெட்வொர்க் பெட்டி என்று மூன்று வகை உண்டு. நான் எடுத்தது மூன்றாவது. ஆன்டெனா கம்பி பெட்டிக்குள் போகிறது, பெட்டியிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டருக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆன்டெனா சன்னலோரம் இருக்க, நான் எந்த மூலையில் உட்கார்ந்தும் பார்க்கலாம். உள்ளே இரண்டு ட்யூனர்கள் இருப்பதால் ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்ய முடிகிறது. ஒரு மணி நேர எச்டி நிகழ்ச்சி 6 அல்லது 7 ஜிபி வரை பிடித்துக்கொள்ளும், வட்டில் இடம் வேண்டும். ஏடிஎஸ்சி 3.0 என்று அடுத்த தலைமுறையும் வந்திருக்கிறது. அதில் சில சானல்களைப் பூட்டி அனுப்புகிறார்கள், கம்ப்யூட்டரில் திறப்பது பெரும் பாடு. அதனால் பழைய ஏடிஎஸ்சியே போதும் என்று முடிவு செய்தேன்.

ஆனால் அண்ணா, கார்டைவிட ஆன்டெனாதான் முக்கியம். நீங்கள் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, நான் கீழிருந்து “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கத்துவேனே, அதே வேலைதான் இங்கேயும். அன்று புள்ளி புள்ளியாகவாவது முகம் தெரிந்தது. டிஜிட்டலில் அந்தக் கருணை இல்லை. சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு திரை கறுத்துவிடும்.

7-ஆம் எண் சானல் மட்டும் எனக்குக் கிடைக்கவே இல்லை. மற்றவை யுஎச்எஃப் என்ற உயர் அலைவரிசையில் வர, இது அதைவிடத் தாழ்ந்த விஎச்எஃப்பில் வருகிறது. நான் சன்னலில் ஒட்டியிருந்த தட்டை ஆன்டெனா அதற்கு ஏற்றதல்ல. இரண்டு கொம்புகள் உள்ள ஆன்டெனா ஒன்று வாங்கி, கொம்புகளை முழு நீளத்துக்கு இழுத்து, திரையில் சிக்னல் எண்ணைப் பார்த்தபடி ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினேன். 41-இல் கிடந்தது 78-க்கு ஏறியது. செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் அறை முழுக்க நிறைந்தது. கத்திச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.

சென்ற வாரப் பனிப்புயலில் ஒரு மாலை முழுவதும் இன்டர்நெட் இல்லை. மின்சாரம் மட்டும் இருந்தது. எந்தச் சாலை மூடியிருக்கிறது, புயல் எப்போது நகரும் என்பதையெல்லாம் அந்த 7-ஆம் எண் சானலில்தான் பார்த்தேன். அம்மா கவலைப்பட்டிருப்பார்கள், நான் பத்திரமாக இருந்தேன் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது கொம்புகள் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன். இன்னும் இரண்டு சானல்கள் விட்டு விட்டு வருகின்றன, எந்தப் பக்கம் திருப்பலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

அன்புத் தம்பி