கட்டடத்துக்குக் காசு வருது, குழந்தைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு வரல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுல ஆதரவில்லாத குழந்தைங்களுக்கு உதவி பண்ற அமைப்புகளப் பத்தி பேப்பர்ல செய்தி வந்தா போதும், நம்ம ஜனங்க மனசு இளகி அன்னிக்கே பணம் அனுப்பிடுறாங்க, அது ரொம்ப நல்ல விஷயம், அத யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா அந்தப் பணம் எதுக்கு வருது எதுக்கு வரமாட்டேங்குதுன்னு வாசகர்களுக்குத் தெரியணும், அதுக்காகத்தான் இந்தக் கடிதம். நான் அப்படி ஒரு அமைப்புக்கு வீட்டுல இருந்தே வாலண்டியரா வேலை பாக்குறேன், கணக்கு எழுதுறது, ஸ்பான்சருங்க கடிதத்த மொழிபெயர்க்குறது, இவ்வளவுதான் என் வேலை.

கணக்க வெச்சுப் பாத்தா ஒண்ணு பளிச்சுனு தெரியுது. புது கட்டடம், ஸ்கூல் பேக், பொம்மை, கம்ப்யூட்டர்னா உடனே ஆள் கிடைக்கும். சோஷியல் ஒர்க்கர் சம்பளம், அவங்க பஸ் செலவு, பைக்குக்கு பெட்ரோல், போன் ரீசார்ஜ்னு எழுதினா, "இதெல்லாம் அட்மின் செலவு, நாங்க குடுக்குறது நேரா குழந்தைக்குத்தான் போகணும்"னு பதில் வருது. கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்தக் குழந்தைக்கு நேரா போய்ச் சேர்ற உதவியே அந்த பெட்ரோல்தான்!

எப்படின்னு சொல்றேன். ஹோம்ல, அதாவது அனாதை இல்லத்துல, இருக்குற ஒரு குழந்தைய திரும்ப சொந்தக்காரங்க கிட்ட சேக்கணும்னா முதல்ல அவங்க யாரு எங்க இருக்காங்கன்னு சோஷியல் ஒர்க்கர்தான் தேடணும். அம்மா வேலை தேடி வேற ஊருக்குப் போயிருப்பாங்க, பாட்டி ஒரு கிராமத்துல இருப்பாங்க, சித்தப்பா வெச்சுக்கிறேன்னு சொல்லுவாரு ஆனா அவரு வீட்டு நிலைமை என்னன்னு நேர்ல போய்த்தான் பாக்கணும். நான் பாத்த ஒரு ஃபாரத்துல கேள்வி இப்படி இருந்துச்சு: குழந்தை யார் பக்கத்துல படுத்துக்கும், ராத்திரி அழுதா யார் எந்திரிப்பாங்க, ஸ்கூலுக்கு எந்த வழியா நடந்து போகும், வீட்டுல குடிக்கிறவங்க யாராவது உண்டா. இந்த நாலு கேள்விக்கு உண்மையான பதில் வேணும்னா ஒரு தடவ போனா பத்தாது, சொல்லாம கொள்ளாம திடீர்னும் போகணும், அக்கம்பக்கத்துலயும் விசாரிக்கணும், குழந்தைய அனுப்பி வெச்ச பிறகும் மாசக்கணக்குல போய்ப் பாத்துட்டே இருக்கணும். இத்தன வேலைக்கும் தகுந்த சம்பளம் இல்லன்னா நல்ல ஆளுங்க நிக்க மாட்டாங்க, அவங்க போயிட்டா அந்த ஃபைலு அப்படியே அலமாரில கிடக்கும், குழந்தையும் ஹோம்லயே கிடக்கும்.

ஹோம்ல இருக்குற குழந்தைங்க எல்லாரும் அப்பா அம்மா இல்லாதவங்கன்னு நாம நினைச்சுட்டு இருக்கோம், அது தப்பு. கம்போடியாவ எடுத்துக்குங்க, 2005ல இருந்து 2010க்குள்ள அங்க அனாதை இல்லங்க எண்ணிக்கை 75 சதவீதம் கூடிடுச்சு, அதுல இருந்த குழந்தைங்கள்ல கிட்டத்தட்ட நாலுல மூணு பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோட இருந்தாங்க. வறுமை, பிள்ளைய படிக்க வைக்கணும்ங்கிற ஆச, இதுதான் காரணம். வெளிநாட்டுல இருந்து பாக்க வர்றவங்களும் அவங்க குடுக்குற டொனேஷனும்தான் அந்த இல்லங்கள்ல பலத தாங்கி நின்னுச்சு. அதாவது நல்ல மனசோட குடுத்த பணமே பிள்ளைய அம்மா கிட்ட இருந்து பிரிக்கிறதுக்கு ஒரு காரணமா ஆயிடுச்சு, இத நினைச்சா எனக்கு வயிறு எரியுது. ஹெய்ட்டில 2010 பூகம்பத்துக்கு அப்புறம் ஒரு வெளிநாட்டு குழு 33 குழந்தைங்கள நாட்டு எல்லைய தாண்டி கூட்டிட்டுப் போகப் பாத்து மாட்டிக்கிச்சு, அதுல பல குழந்தைங்களுக்கு பெத்தவங்க இருந்தாங்க, நல்லா படிக்க வைப்பாங்கன்னு நம்பி அவங்களே கையில பிடிச்சுக் குடுத்திருக்காங்க.

ஹோம்ல சாப்பாடும் படுக்கையும் இருக்கே, அப்புறம் என்னன்னு கேக்கலாம். ருமேனியாவுல 2000ல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சில ஹோம்ல இருந்த 136 பிஞ்சுக் குழந்தைங்கள ரெண்டா பிரிச்சு பாதிப் பேர வளர்ப்புக் குடும்பங்கள்ல விட்டுப் பாத்தாங்க, குடும்பத்துக்குப் போன குழந்தைங்க அறிவு வளர்ச்சி நல்லாவே முன்னேறிச்சு, அதுவும் ரெண்டு வயசுக்குள்ள போனவங்களுக்கு இன்னும் நல்லா இருந்துச்சு. குழந்தை குடும்பச் சூழல்ல வளரணும்னு 1989ல வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை முன்னுரையிலயே இருக்கு. வறுமை ஒண்ணு மட்டுமே காரணம்னு சொல்லி பிள்ளைய பிரிக்கக் கூடாதுன்னு 2009ல ஐ.நா. வழிகாட்டுதலும் வந்தாச்சு.

வாலண்டியரா போகணும்னு துடிக்கிற இளைஞர்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ரெண்டு வாரம் போய் குழந்தைங்கள தூக்கி வெச்சு விளையாடிட்டு போட்டோ எடுத்துட்டு வர்றது வேண்டாம்பா. ஏற்கனவே விட்டுட்டுப் போன வலியில இருக்குற குழந்தை, புதுசா வந்த அக்கா மேல உசுரா ஒட்டிக்கும், அக்கா ஃபிளைட் ஏறிடுவாங்க, அடுத்த மாசம் இன்னொரு அக்கா வருவாங்க, இதே கதை திரும்பத் திரும்ப நடந்தா அந்தப் பிஞ்சு மனசு என்னத்துக்கு ஆகும்? யாரு என்னன்னு போலீஸ் வெரிஃபிகேஷன் கூட பாக்காம குழந்தைங்க பக்கத்துல விடுற அமைப்புன்னா அங்க போகவே போகாதீங்க. உங்க கையில இருக்குற தொழில குடுங்க. கணக்கு தெரிஞ்சவங்க கணக்கு பாக்கலாம், சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்க கேஸ் ஃபைலுங்கள பத்திரமா வைக்க வழி பண்ணலாம், நர்ஸ், டீச்சர், மனநல ஆலோசகர்னா அந்த ஊரு ஊழியர்களுக்கே பயிற்சி குடுக்கலாம், நீங்க வந்துட்டாலும் அது அங்கயே நிக்கும். போட்டோ விஷயத்துலயும் கவனம் வேணும், முகமும் ஸ்கூல் பேரும் ஒரே படத்துல தெரிஞ்சா எவன் வேணும்னாலும் அந்தப் பிள்ளைய தேடிப் போயிடலாம், நாங்க அந்த மாதிரி படத்த ஸ்பான்சர் கடிதத்துல சேக்குறதே இல்ல.

பார்ட்னரா சேர்ற கம்பெனிங்க, கோவில் சர்ச் மசூதி குழுக்கள், சங்கங்க எல்லாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஒரு வருஷத்துக்கு மட்டும் குடுத்துட்டு நிறுத்தாதீங்க, மூணு வருஷத்துக்காவது உறுதி குடுங்க, ஏன்னா அடுத்த வருஷம் சம்பளம் இருக்கான்னு தெரியாத ஊழியர வெச்சுக்கிட்டு ஒரு குடும்பத்துக்கு யாரும் வாக்கு குடுக்க முடியாது. என்ன வேணும்னு அந்த ஊருக்காரங்களயே கேளுங்க, உங்க பேரு போட்ட போர்டு மாட்ட இடம் கேக்காதீங்க. இருக்குற ஹோம திடீர்னு பணத்த நிறுத்தி மூடவும் வெச்சிடாதீங்க, பிள்ளைங்க எங்க போவாங்கன்னு ஏற்பாடு ஆன பிறகுதான் அது நடக்கணும், நிஜமாவே யாரும் இல்லாத குழந்தைங்களுக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைக்கிற வரைக்கும் பாதுகாப்பான இடம் வேணும்ல.

ஆசிரியர் அவர்களே, இனிமே இப்படி உதவி கேட்டு வர்ற செய்திய போடுறப்ப அந்த அமைப்ப ரெண்டு கேள்வி கேட்டு பதிலையும் சேத்துப் போடுங்க. போன வருஷம் எத்தன குழந்தைங்கள குடும்பத்தோட சேத்தீங்க, சேத்த பிறகு போய்ப் பாக்க எத்தன பேரு சம்பளத்துல இருக்காங்க. பதில் சொல்ல முடியிற அமைப்புக்கு நம்ம வாசகர்கள் தாராளமா குடுப்பாங்கன்னு எனக்கு முழு நம்பிக்கை இருக்கு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்