ஹாலைத் திருப்பிக் குடுங்க ஐயா

பாஸ்டர் ஐயாவுக்கும் கமிட்டி அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

நம்ம கட்டடத்துல மதியம் கூடுற, ஸ்பானிஷ் பேசுறவங்க சபைக்கு போன வாரம் நீங்க அனுப்புன லெட்டர் பத்திதான் எழுதுறேன். சூழ்நிலை சரியாகிற வரைக்கும் வேற இடம் பாத்துக்கோங்கன்னு சொல்லிருக்கீங்க. இந்த அமெரிக்கால சர்ச், ஸ்கூல், ஆஸ்பத்திரிக்குள்ள இமிக்ரேஷன் ஆளுங்க பொதுவா போகக்கூடாதுன்னு இருந்த விதிய 2025 ஜனவரில எடுத்ததுலேருந்து உங்களுக்கு பயம், அது புரியுது. ஆனா அந்த லெட்டர தயவுசெஞ்சு வாபஸ் வாங்குங்க.

அந்த சபைல கிச்சன் கழுவிக் குடுப்பாங்களே ஒரு அக்கா, அவங்க வீட்டுக்காரர வேலை செய்ற இடத்துல வச்சே இமிக்ரேஷன் ஆளுங்க பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க வண்டி ஓட்டுறதில்ல, வெளியவே வர்றதில்ல. ஹைஸ்கூல் படிக்கிற மூத்த பையன்தான் தம்பி தங்கச்சிய பஸ்ல கூட்டிட்டு வர்றான், ஆராதனை முழுக்க ஃபோன லைன்லயே வச்சிருக்கான், அம்மா அந்தப் பக்கம் கேட்டுட்டு இருக்காங்க. அவன் பேக் முன்ஜிப்ல பிளாஸ்டிக் கவர் போட்டு ஒரு நோட்டரி பேப்பர் இருக்கு, அம்மாவையும் பிடிச்சிட்டா சின்னதுங்கள யார் பாத்துக்கணும்னு. மூணு பிள்ளைங்களும் இங்கயே பொறந்த சிட்டிசன்ஸ். நம்ம லெட்டர் உண்மையில போய் விழுந்தது இந்தப் பையன் தலைல.

போன பிரசங்கத்துல ரோமர் 13 எடுத்தீங்க, அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு. சரி ஐயா, நாட்டுக்கு பார்டர் வேண்டாம்னு நானும் சொல்லல. ஆனா அதே பைபிள்ல லேவியராகமம் 19ல அந்நியனை சொந்த ஊர்க்காரன் மாதிரி நெனைக்கச் சொல்லிருக்கே, அத எப்ப எடுப்பீங்க? ஏரோதுக்கு பயந்து ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்குப் போன குடும்பத்த வருஷா வருஷம் கிறிஸ்மஸ் டிராமால மட்டும் பாத்தா போதுமா?

சட்டப்படி விசாவுக்கு லைன்ல நின்னு வரலாமேன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. எந்த லைன்? ஒரு வருஷத்துக்கு மேல பேப்பர் இல்லாம இருந்துட்டு நாட்ட விட்டு வெளிய போனா 10 வருஷம் திரும்ப வர முடியாதுன்னு 1996லயே சட்டம் போட்டுட்டாங்க. நம்ம ஜெப லிஸ்ட்ல எச்1பி வேலை விசா ஸ்டாம்பிங்குக்கு இடம் இருக்கு, கிரீன் கார்டு டேட் நகரணும்னு உபவாசம்கூட இருக்கோம், கிடைச்சா மைக்க பிடிச்சு சாட்சி சொல்றோம். பேப்பர் இல்லாதவங்க விஷயத்துல மட்டும் கர்த்தர் லீவுல இருக்கார் போல. 2025 பிப்ரவரில நம்ம நாட்டுக்காரங்க 104 பேர விலங்கு போட்டு மிலிட்டரி பிளேன்ல அமிர்தசரஸ்ல எறக்குனப்ப நம்ம குரூப்ல ஒரு ஜெபக் குறிப்பு வரல, "சட்டப்படி வந்திருக்கலாமே"ன்னு ஒரு மெசேஜ்தான் வந்துச்சு, அதுக்கு தம்ஸ்அப் வேற.

கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

நம்மள யாரும் சட்டத்த மீறச் சொல்லல. பொதுமக்களுக்குத் திறந்து வைக்காத ரூமுக்குள்ள வரணும்னா ஜட்ஜ் கையெழுத்து போட்ட வாரண்ட் வேணும், இமிக்ரேஷன் ஆபீசர் அவரே கையெழுத்து போட்ட பேப்பர் பத்தாது. சண்டே ஸ்கூல் ரூம் கதவுல "உறுப்பினர்கள் மட்டும்"னு ஒரு போர்டு, வாசல்ல விவரம் தெரிஞ்ச ரெண்டு பேர், ஒரு வக்கீல் நம்பர், இவ்ளோதான் செலவு. கலிஃபோர்னியால சான் பெர்னார்டினோ பிஷப் 2025 ஜூலைல, பயமா இருக்கிறவங்க ஞாயிறு பூசைக்கு வராட்டியும் பரவால்லன்னு அறிவிச்சாரு. அவரு பயந்தவங்கள விட்டுக்கொடுக்கல. நாம பயந்தவங்ககிட்டயே சாவிய திருப்பிக் கேட்டோம்.

அந்த லெட்டர வாபஸ் வாங்கி, மதிய நேரத்துக்கு ஹாலை அவங்களுக்கே திருப்பிக் குடுங்க. வர்ற ஞாயிறு அறிவிப்பு நேரத்துலயே சொல்லிட்டீங்கன்னா நல்லது. வாசல்ல நிக்க ஆள் வேணும்னா என் பேர முதல்ல எழுதிக்கோங்க ஐயா.

இப்படிக்கு,
சபை அங்கத்தினர் ஒருத்தி