பொலிகிடாவைச் சோதித்துவிட்டுத் தாருங்கள்

எங்கள் மாவட்டத்துக் கால்நடை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வைகாசியில் எங்கள் மகளிர் குழுவுக்கு இனப்பெருக்கத்துக்காக நீங்கள் தந்த பொலிகிடாவைப் பற்றி 3 மனு கொடுத்தாயிற்று. பதில் இல்லாததால் ஊரறிய எழுதுகிறேன்.

ஆனி முழுவதும் அந்தக் கிடா எங்கள் செம்மறிகளோடு சேர்ந்தது. 17 நாள் போனதும் பெட்டைகள் மறுபடி பருவத்துக்கு வந்தன. மறுபடி சேர்ந்தும் சினை நிற்கவில்லை. குறை பெட்டைகளிடம்தான் என்றார்கள் உங்கள் அலுவலகத்தில். அதை நம்பி, கணவரை இழந்த அக்கா ஒருவர் தம் 9 ஆடுகளில் 6 ஆடுகளை மலடென்று கறிக்கு விற்றுவிட்டார். மறுவாரம் வேறொரு மருத்துவர் கிடாவின் விந்தைச் சோதித்தார். பெரும்பாலான விந்தணுக்கள் அசையவே இல்லை. விற்ற நாளில் அழாத அக்கா, அன்றைக்குத்தான் அழுதார்.

சினை பிடிக்காவிட்டால் பெட்டையைக் குறை சொல்வது, பெண்களான எங்களுக்குப் பழகிய வழக்கு. படித்த நீங்களுமா அப்படிச் சொல்வது?

விதைப்பை உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும், விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 2 மாதம் ஆகும் என்பதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. சித்திரை வெயிலில் பட்ட அடி ஆனியில்தான் தெரியும். அந்தச் சித்திரையில் உங்கள் பண்ணையில் கிடா நின்றது தகரக் கொட்டகையில். தின்றது காய்ந்த சோளத்தட்டு. வெப்பம் விந்தணுவின் மேல்சவ்வைச் சிதைக்கும்போது காப்பாற்றுவது வைட்டமின் ஈ. பசுந்தழையில் நிறைய இருக்கும் அது, காய்ந்த தட்டில் எவ்வளவு மிஞ்சும்? விந்தணுவுக்குத் தேவையான செலினியமும் துத்தநாகமும் கலந்த தாது உப்பைக் கேட்டால் இருப்பில் இல்லை என்கிறீர்கள். செலினியம் அளவு மீறினால் நஞ்சாகிவிடும் என்பதால் கடையில் வாங்கி ஊட்ட எங்களுக்குப் பயம்.

இந்த வைகாசியிலும் கிடா தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இது மாசி. வெயில் ஏறும் முன்பே பண்ணைக் கிடாக்களை மர நிழலுக்கு மாற்றுங்கள். பசுந்தழையும் அளவறிந்த தாது உப்பும் இப்போதிருந்தே கொடுங்கள். நிழல் இல்லாமல் தீனி மட்டும் காப்பாற்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விந்தைச் சோதிக்காமல் ஒரு கிடாவையும் எங்களிடம் ஒப்படைக்காதீர்கள். கையெழுத்து வாங்கும் நாளில் அந்தச் சோதனைச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செம்மறி வளர்ப்பு மகளிர் குழுச் செயலாளர்