சொல்லிவிட்டுப் போங்கள்: காலாண்டு விடுமுறைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடியப்போகிறது, அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருவீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி என்பதையெல்லாம் வார்டன் போனில் சொல்லியிருப்பார். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

காது கேட்காத பிள்ளைகளும் பார்வை இல்லாத பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் நம் பள்ளி ஜூன் மாதம் திறந்த அன்று, ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். காது கேட்காது, வீட்டில் யாருக்கும் சைகையும் தெரியாது. ஆயா அவனுக்கு ஊஞ்சலைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அழுவானே என்று பயந்து, அப்பாவும் அம்மாவும் நழுவிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தான், ஆள் இல்லை. எத்தனை நாளைக்கு, எதற்காக, திரும்ப வருவார்களா மாட்டார்களா, எதையும் அவனுக்குப் புரியவைக்க எங்களாலும் முடியவில்லை, ஏனென்றால் 'நாளை' என்கிற சைகைகூட அவனுக்கு அன்று தெரியாது. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. "நீங்க கிளம்புங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று வருஷா வருஷம் சொல்லி அனுப்பியது நாங்கள்தான். இனிமேல் சொல்ல மாட்டோம். அழுதால் அழட்டும், டாட்டா காட்டிவிட்டுப் போங்கள்.

பார்வை இல்லாத பிள்ளைக்கும் இதேதான். பேசிக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டால் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறாளா, எழுந்து போய்விட்டாளா என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வீட்டில்கூட "கடைக்குப் போறேன்டா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். காலி நாற்காலியோடு பேசிக்கொண்டிருப்பது எந்தப் பிள்ளைக்கும் அவமானம்.

இப்போது விடுதியில் ஆளுக்கொரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். சின்னப் பிள்ளைகள் அறையில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது, ஊருக்குப் போகும் தேதியில் பஸ் படம் போட்டிருக்கிறது, தினமும் காலையில் தாளைக் கிழிக்கச் சண்டை நடக்கும். பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு டப்பாவில் புளியங்கொட்டை. இன்னும் எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை கொட்டை, ராத்திரி படுக்கப்போகும்முன் ஒன்றை எடுத்து வெளியே போட வேண்டும். நாள் சீக்கிரம் போகட்டும் என்று ஒருத்தன் ஒரே நாளில் நாலைந்தை எடுத்துப் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டான், அது தனிக் கதை.

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரும் கைவிட்டது. இருட்டானால் காது கேட்காத பிள்ளைகளுக்குப் பேச்சே நின்றுவிடும், கை தெரியாதே. பார்வை இல்லாத பிள்ளைகளோ எதுவும் நடக்காதமாதிரி பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு வார்டன் போய்ச் சேர்வதற்குள், பக்கத்து அறையில் பயந்துபோயிருந்த சிறுமிகளை ஒவ்வொருத்தியாகக் கைபிடித்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கூட்டிவந்துவிட்டாள். சும்மா இழுத்துக்கொண்டு வரவில்லை. ஒவ்வொருத்தியின் உள்ளங்கையிலும் விரலால் 'சோறு' என்று எழுதிவிட்டுத்தான் கூட்டிவந்தாளாம். பிரெய்லில் ஆறு புள்ளிகளை வைத்துப் படிக்கிறவளுக்கு அச்சு எழுத்து எப்படி வந்தது என்று கேட்டேன். அந்தச் சிறுமிகள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், உள்ளங்கையில் எழுதி எழுதி.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. சில வருஷத்துக்கு முன் லீவுக்குப் போன ஒரு பையன் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் பாட்டியின் படத்தைப் பார்த்திருக்கிறான், மாலையோடு. பாட்டி இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. "அவனுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல டீச்சர்" என்றார் அவன் அப்பா. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் சாவோ, கடனோ, வீடு மாறுவதோ, தம்பி தங்கை பிறப்பதோ, எதுவானாலும் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள், நாங்கள் சைகையில் சொல்கிறோம். அவனும் அந்த வீட்டு ஆள்தானே.

சைகை கற்றுக்கொள்ள வயதெல்லாம் ஆகவில்லை. டெல்லியில் 2015இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் பத்தாயிரம் சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது, யூடியூபில் இலவசம்தான். விளக்கம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, கையைப் பார்த்தால் போதும். நம் பிள்ளைகள் போடும் சைகை சிலது அதிலிருந்து மாறும், அதனால் பிள்ளையிடமே கேட்பதுதான் நல்லது. செப்டம்பர் 23 உலகச் சைகை மொழி நாள், லீவை ஒட்டித்தான் வருகிறது. அன்றைக்கு ஒன்று செய்யுங்கள், உங்கள் பிள்ளையின் சைகைப் பெயர் என்ன என்று கேளுங்கள். விடுதியில் எல்லோருக்கும் ஒன்று உண்டு. கன்னத்தில் குழி இருந்தால் அது, நெற்றியில் தழும்பு இருந்தால் அது. எனக்கு, மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியைத் தூக்கிவிடுவது.

மற்றவை சுருக்கமாக. காது மெஷினைப் பத்திரம் என்று பீரோவில் பூட்டாதீர்கள், காதில்தான் இருக்க வேண்டும். தலைக்குக் குளிக்கும்போது கழற்றுங்கள், எண்ணெய் தேய்த்தால் காதுக்குள் பொருத்தும் அச்சில் இறங்காமல் பாருங்கள், 'கீ' என்று சத்தம் வந்தால் காது வளர்ந்து அச்சு சின்னதாகிவிட்டிருக்கலாம், எங்களிடம் சொல்லுங்கள். பார்வை இல்லாத பிள்ளையின் வெள்ளைக்கோலைக் கல்யாண வீட்டில் மடக்கிப் பைக்குள் வைக்கிறீர்கள், எனக்குத் தெரியும், பிள்ளைகளே வந்து சொல்கிறார்கள். வீட்டுக் கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லை முழுக்க மூடியிருக்கட்டும், பாதி திறந்த கதவில்தான் நெற்றி இடிக்கும். ஊட்டிவிட வேண்டாம். தட்டில் எது எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், அவர்களே சாப்பிடுவார்கள்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் இரண்டு கொண்டுவரவும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவருக்கும் கூடுதல் ஒரு மணி நேரத்துக்கும் விண்ணப்பிக்க அது வேண்டும்.

அப்புறம், எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று முதல் நாளே வார்டனுக்குச் சொல்லிவிடுங்கள். வர முடியாமல் போனால் அதையும் சொல்லுங்கள். செருப்பு மாட்டிய பையன் இப்போதும் கேட்டுக்கு வருகிறான், ஆனால் காலண்டரைப் பார்த்துவிட்டு வருகிறான்.

அன்புடன்,
உங்கள் தலைமையாசிரியை